வீட்டுப் பட்டறைக்கு மலிவான பெண்டர்: எதைப் பார்த்து எடுத்தேன், எடுத்த பிறகு எதைத் திருத்தினேன்

பெண்டர் என்றால் இரும்பை வளைக்கும் மெஷின். பட்டை வளைக்கும் மெஷினில் தகடு மடியாது. தகடு மடிக்கும் மெஷினில் பைப் வளையாது. மூன்றையும் செய்யும் என்று சொல்லி விற்கும் மெஷின் மூன்றையும் அரைகுறையாகத்தான் செய்யும். அதனால் மெஷின்களைப் பார்க்கத் தொடங்கும் முன், சமீப காலத்தில் நான் உண்மையிலேயே எதையெல்லாம் வளைத்தேன் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

அலமாரித் தாங்கிகளுக்கு 25×5 எம்.எஸ். பட்டை (மைல்ட் ஸ்டீல், அதாவது சாதாரண இரும்பு; 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன்), எப்போதாவது 30×6. பைப்பைச் சுவரோடு பிடிக்கும் கிளாம்புகளுக்கு 20×3. பவர் சப்ளை, சார்ஜர் மாதிரியான சாமான்களுக்குப் பெட்டி செய்ய 1 மி.மீ. ஷீட், அதன் அகலம் 400 மி.மீ.-ஐத் தாண்டியதே இல்லை. பைப் வளைக்க ஆசை நிறைய, வேலை குறைவு. ஆசையையும் அதே தாளில் எழுதிவிட்டால் நேராக 16 டன் ஹைட்ராலிக் மெஷினில்தான் போய் நிற்போம். அதை எழுதவில்லை.

இவ்வளவு நாளும் வைஸும் (இறுக்கிப் பிடிக்கும் தாடை) சுத்தியலும்தான். 20×3 வரைக்கும் அது போதும். அதற்கு மேல் போனால் சுத்தியல் தழும்பு விழும், மூலை ஒரு பக்கம் கூர்மையாகவும் ஒரு பக்கம் உருண்டும் இருக்கும். அதையெல்லாம் அரம் போட்டுச் சரிசெய்துவிடலாம். சரிசெய்ய முடியாதது ஒன்றுதான்: இரண்டாவது தாங்கி முதலாவதைப் போல வராது. பெண்டருக்குக் கொடுக்கும் காசு பலத்துக்காக அல்ல, ஒரே மாதிரி வருவதற்காக.

பலத்தைப் பற்றிய சந்தேகம் ஒரு சின்னக் கணக்கிலேயே தீர்ந்துவிடும். ஒரு பட்டையை முழுதாக வளைக்கத் தேவைப்படும் திருப்புத்திறன் என்பது, இரும்பு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவை அகலத்தாலும், தடிமனின் வர்க்கத்தாலும் பெருக்கி 4-ஆல் வகுத்தால் வருவது. சாதாரண எம்.எஸ்.ஸுக்கு அந்தத் தகைவை 250 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். 25×5 பட்டைக்கு 39 நியூட்டன் மீட்டர் வருகிறது. கைப்பிடி 600 மி.மீ. நீளம் என்றால், அதன் முனையில் இழுக்க வேண்டியது 65 நியூட்டன், அதாவது ஆறரை கிலோ. வளைய வளைய இரும்பு இறுகும், டையில் (பட்டையைச் சுற்றி வளைக்கும் அச்சு) உரசும். இரண்டு மடங்கு என்று வைத்தாலும் 13 கிலோதான். 30×6-க்கு 67 நியூட்டன் மீட்டர். அதுவும் ஒரு கையால் ஆகிற வேலை. 50×10-க்குப் போனால் 312. உரசலையும் சேர்த்தால் முனையில் 100 கிலோவுக்குப் பக்கம் வரும்; ஒரு ஆள் மொத்த எடையையும் போட்டுத் தொங்க வேண்டும்.

அகலம் இரண்டு மடங்கானால் பலமும் இரண்டு மடங்கு. தடிமன் இரண்டு மடங்கானால் பலம் நான்கு மடங்கு. இது ஒன்று தெரிந்தால் பெட்டி மேல் அச்சடித்திருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்துவிடும். ‘அதிகபட்ச அகலம் இவ்வளவு, அதிகபட்சத் தடிமன் இவ்வளவு’ என்று தனித்தனியாகப் போட்டிருந்தால், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த எண்கள் பெரும்பாலும் எம்.எஸ்.ஸுக்கானவை. எஸ்.எஸ். 304-க்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஒரு ரகம்) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலம் வேண்டும். 5 மி.மீ. வளைக்கிற மெஷினில் எஸ்.எஸ். என்றால் 4 மி.மீ.-உடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

இதே கணக்கை 600 மி.மீ. அகலமுள்ள 1 மி.மீ. ஷீட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 37.5 நியூட்டன் மீட்டர். 25×5 பட்டைக்குத் தேவைப்பட்டதைவிடக் கொஞ்சம் குறைவுதான்! அப்படியென்றால் மலிவான ஷீட் பெண்டர்கள் ஏன் நடுவில் சொதப்புகின்றன? பலம் போதாமல் அல்ல, விறைப்பு போதாமல். இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கிய ஒரு நீளப் பட்டை நடுவில் மேலே எழும்பும். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரே அளவு சுமை விழும்போது, இந்தத் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 450 மி.மீ. மெஷினுக்குப் பதில் அதே ஆங்கிளில் (எல் வடிவ இரும்புச் சட்டம்) செய்த 900 மி.மீ. மெஷின் வாங்கினால் தொய்வு 16 மடங்கு. முனைகளில் 90 பாகைக்கு மடியும்போது நடுவில் 80-தான் மடிந்திருக்கும். ‘எதற்கும் பெரிதாக வாங்கிப் போடுவோம்’ என்ற வழக்கமான யோசனை இந்த ஒரு சாமானில் பலிக்காது.

பார்த்துவிட்டு விட்டவை

ஹைட்ராலிக் பைப் பெண்டர்தான் கண்ணை முதலில் இழுத்தது. பாட்டில் ஜாக்கி, முக்கோணச் சட்டம், வரிசையாக டைகள். பார்த்தாலே வாங்கத் தோன்றும். ஆனால் அதன் டைகள் பைப்புக்கு வார்த்தவை, ட்யூபுக்கு அல்ல. 1 அங்குல பைப் என்று சொன்னால் வெளிவிட்டம் 33.4 மி.மீ. 1 அங்குல ட்யூப் என்றால் வெளிவிட்டமே 25.4. அரை அங்குல பைப்பின் வெளிவிட்டம் 21.3, 2 அங்குலத்துக்கு 60.3. ட்யூபை அந்தப் பைப் டையில் வைத்தால் பக்கவாட்டில் 4 மி.மீ. இடைவெளி இருக்கும். ஜாக்கி நடுவில் தள்ளத் தள்ள, பக்கத்தில் பிடிமானம் இல்லாத சுவர் வெளியே பிதுங்கி, ட்யூப் சப்பையாகும், கடைசியில் மடிந்து விழும். மணல் நிரப்பி இரண்டு முனையையும் அடைத்தால் கொஞ்சம் தாங்கும். மெல்லிய சுவருக்கு அதுவும் உத்தரவாதம் இல்லை. தடித்த சுவருள்ள தண்ணீர் பைப் வளைப்பவருக்கு இது நல்ல மெஷின். நாற்காலிச் சட்டம் செய்ய நினைப்பவருக்கு அல்ல.

வெட்டு, மடிப்பு, உருட்டு மூன்றும் ஒரே சட்டத்தில் இருக்கும் சின்ன மெஷினையும் பார்த்தேன். 300 மி.மீ.-க்குள் சின்னச் சின்னத் தகடுகளோடு வேலை செய்பவருக்குப் பரவாயில்லை. எனக்கு 400 வேண்டும், உருட்டு வேண்டாம். தாண்டிவிட்டேன்.

பட்டறையில் ஏற்கனவே ஹைட்ராலிக் பிரஸ் இருப்பவர்கள் இந்தப் பதிவை இத்தோடு நிறுத்திவிட்டு ஒரு வி-டை செட் (வி வடிவப் பள்ளமுள்ள அச்சும் அதற்குள் அழுத்தும் முனையும்) வாங்கிவிடலாம். வி-யின் வாய் தகட்டுத் தடிமனைப் போல 8 மடங்கு என்பது வழக்கமான கணக்கு. எம்.எஸ்.ஸுக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு எத்தனை கிலோநியூட்டன் வேண்டும் என்றால், 650-ஐத் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி வி-யின் வாயால் வகுக்க வேண்டும். 3 மி.மீ. தகடு, 24 மி.மீ. வி, 300 மி.மீ. அகலம்: 73 கிலோநியூட்டன், அதாவது ஏழரை டன். 12 டன் பிரஸ்ஸே தாராளம். ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. மடிக்கும் ஓரம் வி-யின் வாயில் 0.7 மடங்காவது இருக்க வேண்டும். இங்கே 17 மி.மீ. அதைவிடக் குட்டையான ஓரம் வி-க்குள் நழுவி விழுந்துவிடும். என்னிடம் பிரஸ் இல்லை, வைக்க இடமும் இல்லை.

வைஸ் தாடைகளில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் மடிப்புத் தாடைகள் உண்டு. ஒரு பக்கம் வி, மறுபக்கம் முனை. 150 மி.மீ.-க்குள் இருக்கும் சின்னத் தாங்கிகளுக்கு இதைவிட மலிவாக ஒன்றும் இல்லை. நல்ல கனமான வைஸ் வேண்டும், அவ்வளவுதான். இதையும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.

கடைசியில் எடுத்த பெரிய சாமான், மேஜையில் பொருத்தும் பட்டை பெண்டர். அடித்தட்டு, நடுவில் ஒரு பின், பின் மேல் உருண்டை டை, டையைச் சுற்றி வரும் கைப்பிடி, கைப்பிடியோடு சேர்ந்து சுற்றும் தள்ளு பின், பட்டையின் மறுபாதியைத் திரும்பவிடாமல் பிடிக்கும் தடுப்புக் கட்டை. இதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அதனால்தான் எடுத்தேன்.

மலிவான மெஷின் எதிலும் குறை இருக்கும். குறை இல்லாததைத் தேடுவதைவிட, எந்தக் குறையை வீட்டிலேயே சரிசெய்ய முடியும் என்று பார்த்து வாங்குவதுதான் என் வழி. ஓட்டை லூஸா? புஷ் (ஓட்டைக்குள் ஏற்றும் சின்னக் குழல்) போடலாம். போல்ட் மட்டமா? மாற்றலாம். விளிம்பு கூர்மையா? அரம் இருக்கிறது. ஆனால் அடித்தட்டு மெலிதாக இருந்தால், சட்டம் மட்டமான வார்ப்பாக இருந்தால், கிளாம்ப் பட்டை வளைந்து கொடுத்தால், அந்த மெஷினுக்குள் இன்னொரு மெஷின் கட்ட வேண்டியிருக்கும். பட்டை பெண்டரில் வரும் குறைகள் முக்கால்வாசி முதல் ரகம். மலிவான நீள ஷீட் பெண்டரில் வருவது முக்கால்வாசி இரண்டாவது ரகம்.

நேரில் பார்த்து வாங்குபவர்கள் கைப்பிடியின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பின்னுக்கும் ஓட்டைக்கும் 0.6 மி.மீ. இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கைப்பிடியின் கை ஒற்றைத் தகடாக, 10 மி.மீ. தடிமனில் இருந்தால், 600 மி.மீ. தள்ளியிருக்கும் முனையில் மொத்தம் 7 சென்டிமீட்டர் ஆடும். அதே இடைவெளியில், கை கவட்டை மாதிரி மேலும் கீழும் பின்னைப் பிடித்திருந்து, மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை 50 மி.மீ. இருந்தால், ஒன்றரை சென்டிமீட்டர்தான் ஆடும். கவட்டைக் கை இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அப்புறம் ஒரு பழைய அரத்தைக் கையோடு எடுத்துப்போய், டையின் அடிப்பக்கத்தில் லேசாக ஒரு இழுப்பு. அரம் வழுக்கினால் டை பதம் ஏற்றியது. கடித்தால் பச்சை இரும்பு. கொஞ்ச காலத்தில் பள்ளம் விழும்.

பிரித்ததில் கிடைத்தவை

மெஷின் வந்ததும் பட்டை எதையும் வைக்காமல் முழுதாகப் பிரித்துவிட்டேன். ஓட்டைகளுக்குள் பெயின்ட், பெயின்டுக்கு அடியில் பிசிறு. நடுப் பின்னாக வந்திருந்தது 16 மி.மீ. போல்ட், ஆனால் தலையிலிருந்து நுனி வரை முழுக்க மரை. அது சுற்றும் ஓட்டையை வெர்னியர் வைத்துப் பார்த்தால் 16.6. மரையின் முகடுகள் மட்டும்தான் ஓட்டையின் சுவரைத் தொடும். பளு ஏற ஏற முகடுகள் நசுங்கும், ஓட்டை அகலும், ஆட்டம் கூடும்.

முதலில் போல்ட். 8.8 தரத்தில், தண்டுப் பகுதி கவட்டையின் இரண்டு தகட்டையும் கடந்து வரும் அளவுக்கு மரையில்லாமல் இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மிச்ச மரையை வெட்டிக் குறைத்தேன். 8.8 என்றால் இழுவை வலிமை 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதம், அதாவது 640 வரை நிரந்தரமாக நீளாது. வந்திருந்த போல்ட்டின் தலையில் எந்தக் குறியும் இல்லை.

அடுத்தது புஷ். உள்விட்டம் 16, வெளிவிட்டம் 20 உள்ள கன்மெட்டல் புஷ் இரண்டு. கவட்டையை டிரில் மேஜையில் கிளாம்ப் செய்து, மேல் தகடு, கீழ்த் தகடு இரண்டையும் அசைக்காமல் ஒரே பிடிப்பில் 19.5 வரை படிப்படியாகத் துளைத்து, கடைசியாக 20 ரீமர் (ஓட்டையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விட்டேன். ஒரே பிடிப்பு என்பதுதான் இங்கே உயிர். ஒரு தகட்டை முடித்துவிட்டுக் கவட்டையைத் திருப்பி மற்றதைத் துளைத்தால் இரண்டு ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் அமையாது. புது புஷ்ஷிலும் பின் இறுகும். ரீமர் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை லேத்காரரிடம் கொடுத்துவிடலாம். புஷ்ஷை வைஸில் வைத்து மெதுவாக அழுத்தி ஏற்றினேன். ஏறிய பிறகு உள்விட்டம் ஒரு மயிரிழை குறையும், பின் போகாது. பயப்பட வேண்டியதில்லை. ஒரு மரக் குச்சியில் எமரி பேப்பரைச் சுற்றி, பின் கையழுத்தத்தில் உள்ளே போகிற வரை தேய்த்தால் போதும். கிரீஸ் போட்டு மாட்டியதும் முனையில் இருந்த ஆட்டம் போன இடம் தெரியவில்லை.

தள்ளு பின்னின் மூக்கு கூர்மையாக இருந்தது. அப்படியே வளைத்திருந்தால் ஒவ்வொரு பட்டையிலும் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கும். 1 மி.மீ. ஆரத்துக்கு அரம் போட்டு உருட்டி, எமரி விட்டேன். டை, தடுப்புக் கட்டை, தள்ளு பின் மூன்றின் அடியும் ஒரே உயரத்தில் இல்லை. இது கண்ணுக்குப் படாத குறை. ஆனால் பட்டை வளையும்போது ஒரு பக்கம் மேலே ஏறி, தாங்கி முறுக்கிக்கொண்டு வரும். டைக்கு அடியில் மெல்லிய வாஷர் கொடுத்து, ஒரு நேர்க்கோலை மூன்றின் மேலும் வைத்துச் சரிபார்த்தேன்.

பொருத்துவது தனி வேலை. முனையில் 30 கிலோ இழுத்தால், அதே முறுக்கு மேஜைக்கும் போகும். இலேசான மேஜை பட்டையோடு சேர்ந்து தானும் சுற்றும். தரையில் ஆங்கர் போட்டு ஒரு தூண் நிறுத்துவதுதான் சிறந்த வழி. எனக்குத் தரையில் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதனால் மேஜையின் கால்சட்டத்தோடு ஒரு சதுர ட்யூபை வெல்டிங் செய்து, அதற்குள் சரியாக நுழையும் சின்ன ட்யூபை பெண்டரின் அடித்தட்டில் வைத்தேன். குறுக்கே ஒரு பின். வேலை முடிந்தால் உருவி அடியில் வைத்துவிடலாம். கைப்பிடி இழுப்பு மேஜையின் நீளவாக்கில் இருக்கிறபடி திருப்பி வைத்தது பெரிய வித்தியாசம் தந்தது. அகலவாக்கில் இழுத்தால் மேஜை தூக்கும்.

முதல் வளைவும் அளவும்

வளைத்த பிறகு பட்டை கொஞ்சம் பின்வாங்கும். 20 மி.மீ. விட்டமுள்ள டையில் 25×5 பட்டைக்கு ஒன்றிரண்டு பாகைதான். 92-இல் நிறுத்தினால் கையை எடுத்ததும் 90-க்கு வந்துவிடுகிறது. அந்த இடத்தில் கைப்பிடி முட்டி நிற்க ஒரு போல்ட் வைத்துவிட்டால் அதன் பிறகு கண்ணால் பார்க்கவே வேண்டாம். டையின் ஆரம் பெரிதாக, பட்டை மெலிதாக ஆக ஆகத்தான் பின்வாங்கல் கூடும். 20×3 பட்டையை 60 மி.மீ. டையில் அரை வட்டமாகச் சுற்றினால் 8 பாகை வரை விரியும். அதனால் 60 மி.மீ. பைப்புக்கான கிளாம்பை 57, 58 மி.மீ. டையில் சுற்ற வேண்டும்.

தள்ளு பின்னுக்கும் டைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் முக்கியம். பட்டைத் தடிமனைவிட அரை மி.மீ. கூட இருந்தால் போதும். அதற்கு மேல் விட்டால் பட்டை டையில் ஒட்டாமல் அகலமாக வளைந்து, மூலை குடைமாதிரி உருண்டுவிடும்.

சரி, எத்தனை நீளம் வெட்டுவது? 200, 150 என்று வெளி அளவு உள்ள எல் வடிவத் தாங்கிக்கு 350 வெட்டினால் நீளமாகிவிடும். மூலையில் பட்டை குறுக்கு வழியில் போவதால் கொஞ்சம் கழிக்க வேண்டும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி: சரியாக 200 மி.மீ. பட்டை ஒன்றை வெட்டி, நடுவில் எங்காவது 90 பாகைக்கு வளைத்து, இரண்டு காலையும் வெளிப்பக்கமாக அளந்து கூட்டுங்கள். 200-க்கு மேல் எவ்வளவு வருகிறதோ அதுதான் கழிவு. எனக்கு 11-க்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது.

கணக்குப் போட்டாலும் அதேதான் வருகிறது. உள் ஆரம் 10, தடிமன் 5. வளைவில் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும் கோடு உள்பக்கத்திலிருந்து தடிமனில் 0.45 பங்கு தள்ளி ஓடுவதாக வைத்தால், வில்லின் நீளம் 1.57-ஐ 12.25-ஆல் பெருக்கினால் வரும் 19.2. ஆரமும் தடிமனும் சேர்ந்து 15, இரண்டு பக்கத்துக்கும் 30. முப்பதிலிருந்து 19.2 போனால் 10.8. ஆகவே வெட்ட வேண்டியது 339 மி.மீ. வளைவு தொடங்கும் இடம், 200 காலின் முனையிலிருந்து 185-இல். அங்கே ஒரு கோடு போட்டு, அதைப் பட்டை டையைத் தொட்டு விலகும் புள்ளிக்கு நேரே வைத்து இழுத்தால் 200, 150 இரண்டும் அரை மி.மீ.-க்குள் வருகிறது. அந்தப் புள்ளியை அடித்தட்டிலேயே ஸ்கிரைபரால் கீறி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு டைக்கும் ஒரு கீறல்.

30×6-ஐயும் இதே மாதிரி ஒரு துண்டு வளைத்து அளந்துவிட வேண்டும். 25×5-இன் எண் அதற்குப் பொருந்தாது. பெரிய தகட்டிலிருந்து வெட்டியெடுத்த பட்டை என்றால், தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக மடிப்புக் கோடு விழும்படி வெட்டுங்கள். திசைக்கு இணையாக மடித்தால் வெளிப்பக்கம் வெடிக்க வாய்ப்பு கூடுதல். அலுமினியத்தில் 5052-எச்32 கேட்டு வாங்கினால் அழகாக வளையும். 6061-டி6-ஐச் சின்ன ஆரத்தில் வளைத்தால் விரிசல் விடும்.

தடித்த பட்டையை லேசாகச் சூடாக்கி வளைக்கலாமே என்று தோன்றும். வளைப்பதென்றால் நன்றாகச் செக்கச்செவேலென்று ஆக்கி வளைக்க வேண்டும், இல்லையென்றால் பச்சையாகவே வளைக்க வேண்டும். நடுவில், இரும்பு நீலம் பூக்கும் 200 முதல் 350 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் அது வழக்கத்தைவிட நொறுங்கும் தன்மையோடு இருக்கும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையைச் சூடாக்கவே கூடாது. துத்தநாகப் புகை ஆளைப் படுக்கவைத்துவிடும்.

ஷீட்டுக்கு என்ன செய்தேன்

400 மி.மீ. ஷீட்டை மடிக்க மெஷின் வாங்கவில்லை, நானே செய்துகொண்டேன். 50×50×6 ஆங்கிள் 450 மி.மீ. நீளத்தில் இரண்டு, இரண்டு கனமான கீல், கிளாம்பாக அதே ஆங்கிளில் இன்னொரு துண்டு. இதில் எல்லாமே ஒரு இடத்தில்தான் இருக்கிறது: கீல் பின்னின் மையம், இரண்டு ஆங்கிளின் மேல் விளிம்பும் சந்திக்கும் கோட்டில் சரியாக விழ வேண்டும். அதற்காக ஆங்கிளின் முனைகளைக் கீலின் பாதித் தடிமனுக்குக் கிரைண்டரால் வெட்டி இறக்கினேன். கீலை வெறுமனே வெளியே ஒட்டினால், மடிக்கும் இலை சுற்றும்போது ஷீட்டை விட்டு விலகியோ ஷீட்டைக் கீறிக்கொண்டோ போகும். கிளாம்பின் முனையை மடிப்புக் கோட்டிலிருந்து ஷீட்டின் தடிமன் அளவுக்குப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும்.

தொய்வைக் கண்டுபிடிக்கக் காகிதம் போதும். செய்தித்தாளைச் சின்னப் பட்டைகளாகக் கிழித்து, கிளாம்புக்கு அடியில் வரிசையாக வைத்து இரண்டு முனையையும் இறுக்கினேன். ஓரத்துக் காகிதங்கள் இழுத்தால் கிழிந்தன; நடுவில் இருந்தது சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. 450 மி.மீ. நீளத்திலேயே இப்படி. கிளாம்பின் முதுகில் 12 மி.மீ. கம்பியை முனைக்கு முனை வெல்டிங் செய்து, நடுவில் கம்பிக்கும் கிளாம்புக்கும் இடையே ஒரு போல்ட்டும் நட்டும் வைத்தேன். நட்டைத் திருகத் திருக, போல்ட் கம்பியை மேலே தள்ளி, கிளாம்பின் நடுவைக் கீழே அழுத்தும். நடுக் காகிதமும் கிழிகிற வரை திருகிவிட்டு அங்கேயே பூட்டினேன். அதற்குப் பிறகு 400 அகல ஷீட்டின் மடிப்பை மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் முனைக்கும் நடுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 1 மி.மீ. ஷீட்டுக்கு ஒரு மடிப்புக்குக் கழிவு 1.8 மி.மீ. வருகிறது. நான்கு மடிப்புள்ள பெட்டியில் 7 மி.மீ.-க்கு மேல் ஆகிவிடும்; இதை விட்டால் மூடி சேராது.

ஷீட் வாங்கும்போது கேஜ் எண்ணை (தடிமனைக் குறிக்கும் எண்) மட்டும் சொல்லி வாங்காதீர்கள். அமெரிக்க அட்டவணைகளில் 16 கேஜ் என்பது சாதாரண ஸ்டீலுக்கு 1.52 மி.மீ., ஜி.ஐ.க்கு 1.61, அலுமினியத்துக்கு 1.29. பலம் தடிமனின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் 1.29-க்கும் 1.61-க்கும் நடுவில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். வெர்னியரைக் காட்டி வாங்குவதே மேல்.

இந்த பெண்டரில் 40×6 வரை சிரமம் இல்லாமல் வளைக்கிறேன். மெஷினுக்கு எழுதியிருந்த அளவு அதைவிடக் கூடுதல்தான்; ஆனால் அதற்கு மேல் போனால் முதலில் தள்ளு பின்தான் வளையும் என்று தோன்றுகிறது. அந்தப் பின்னுக்கு மாற்றாக ஒன்றைக் கடைந்து வைத்திருக்கிறேன். ட்யூப் வளைக்கும் வேலை வந்தால், டையே சுற்றி இழுத்து வளைக்கும் ரகப் பெண்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை வரும் வேலைக்கு அந்த மெஷினை வாங்கி நிறுத்த இடம் இல்லை.